வரைவில் இருந்த ஜன்னல்

அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு கொத்தனார் நடைக்குள் நுழைந்தபோது, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங்காரர் எழுபத்து மூன்றாவது சுற்றில் இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கைப்பிடியை நிறுத்தி, வலது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். எங்கள் தெருவில் அந்தக் கைக்கு அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன், பேசாதே. அதனால்தான் அவருக்குக் கைகாட்டி என்று பெயர் வந்தது. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

கொத்தனார் வேறு தெருக்காரர்.

"பெருசு, அந்த மோட்டாரைக் கொஞ்சம் நகத்துங்க. சுவரை ஒட்டி அளவெடுக்கணும்."

கை இறங்கவில்லை. பின்னால் வந்த சமையல்காரம்மா கொத்தனாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இருங்க, எண்ணிட்டிருக்கார்" என்றாள்.

இருவரும் நின்றார்கள். கைப்பிடி மறுபடி சுற்றத் தொடங்கியது. செம்புக் கம்பி அவருடைய இடது கை விரல்களுக்கு நடுவே ஓடி மரக்கட்டையில் வரிசையாகப் படிந்தது. தொண்ணூற்றாறில் நிறுத்தினார். சுற்றி முடித்த காயிலை நூலால் நாலு இடத்தில் கட்டிக் கழற்றி, ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியின் மேல்பூச்சில் எங்காவது கீறல் இருந்தால் அந்த மோட்டார் ஒரு மாதத்தில் புகைந்துவிடும். பல்பு வெளிச்சத்தில் கீறல் தெரியாது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் தெரியும்.

பார்த்து முடித்த பிறகு, "சொல்லும்மா" என்றார்.

"ஒண்ணாம் தேதி வேலை ஆரம்பிக்கிறோம்யா. இந்த நடைக்கு மேல கூரை போட்டு அடுப்பு வெக்கப்போறேன். இந்த அறையில மூட்டை, பாத்திரம் எல்லாம் வரும். நீங்க இடம் பாத்துட்டீங்களா?"

"என்ன இடம்?"

"நீங்க போறதுக்குத்தான்."

வைண்டிங்காரர் காயிலை ஆணியில் மாட்டினார். ஆணியில் ஏற்கெனவே நான்கு தொங்கின.

"நான் எங்கம்மா போறேன்? இந்த அறையும் நடையும் என் ஆயுசு வரைக்கும் எனக்கு. பத்திரத்திலேயே இருக்கே."

"எந்தப் பத்திரத்துல?"

"தபால்காரருக்கு நாங்க எழுதிக் கொடுத்ததுல."

சமையல்காரம்மாவின் முகம் மாறியது. கோபம் மாதிரித் தெரியவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தவள் மாதிரி இருந்தது. "அந்தப் பத்திரம் என்கிட்டதான்யா இருக்கு. நாலு மாசமா இருக்கு. அதுல அப்படி ஒண்ணும் இல்லியே. உங்ககிட்ட முதல் வாரமே பேசணும்னு வந்தேன். எப்ப வந்தாலும் கையைத் தூக்கிடறீங்க."

கொத்தனார் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முன்வீடு ஒரு காலத்தில் வைண்டிங்காரருடையது. தெருவைப் பார்த்து மூன்று அறை, பக்கத்தில் மூன்றடி நடை, நடையின் முடிவில் அவர் வேலை செய்யும் பின்னறை. பின்னறைக்குப் பின்னால் துவைக்கும் கல்லும் கொடிக்கயிறும் உள்ள சின்ன வெட்டவெளி. ஆறு வருஷத்துக்கு முன் மனைவிக்கு வந்த வியாதி வீட்டை விற்க வைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வாங்கினார். பின்னறை மட்டும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஆயுள் வரை என்று பேச்சு. தபால்காரர் நல்ல மனுஷன். சாமான்களைப் பின்னறைக்கு மாற்றும்போது கட்டிலின் ஒரு முனையை அவரும் பிடித்தார். அதற்கப்புறம் எட்டு மாதம் அவள் இருந்தாள். அந்தக் கட்டிலில் படுத்தபடி, சுவருக்கு அந்தப் பக்கம் தன்னுடைய சமையலறையில் வேறொருத்தி பாத்திரம் வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அந்த மூலையில ஈரம் வரும், அரிசி வெக்காதேன்னு அவகிட்ட சொல்லணும்" என்பாள். சொன்னாளா என்று தெரியாது.

அவளுக்குப் பின் தபால்காரரும் போனார். அவர் மகன்கள் வெளியூரில் இருந்தபடியே விற்றார்கள். வாங்கியது சமையல்காரம்மா. மூன்று அலுவலகங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள்.

*

வைண்டிங்காரரின் மகள் பஸ் கண்டக்டர். பணிமனைக்குப் பக்கத்தில் புருஷனோடு குடியிருந்தாள். அன்று மாலை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடேயே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, சமையல்காரம்மாவிடம் வாங்கிய பத்திர நகலைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாகப் படித்தாள். வைண்டிங்காரர் டீ போட்டார். டீ ஆறியது.

"இல்லப்பா."

"கடைசியில பாரு. சொத்து விவரத்துக்கு மேல வரும்."

"மேலயும் பாத்தேன், கீழயும் பாத்தேன். வீடும் நடையும் பின்னறையும் பின்பக்கக் காலியிடமும் சகலமும் வித்தாச்சுன்னு இருக்கு. சகலமும்னு ரெண்டு தடவை இருக்கு. நீ ஒன்பது பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்க. அம்மாவும் போட்டிருக்கா."

அம்மாவின் கையெழுத்தின்மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கடைசிப் பக்கங்களில் எழுத்து நடுங்கியிருந்தது.

"வக்கீல் படிச்சார்மா. என் காதால கேட்டேன். உங்கம்மாவும் கேட்டா."

"படிச்சது எங்கே போச்சு? பறந்துபோச்சா? பஸ்ல டிக்கெட் கிழிக்காம காசு வாங்கினா என் வேலை போயிடும். இவரு எழுதாம படிச்சிருக்காரு. இவருக்கு என்ன போகும்?"

அவர் ஆறிய டீயை மறுபடி அடுப்பில் வைத்தார். மகளுக்கு அந்த மௌனம் பழக்கம். சின்ன வயசில், அப்பா வாயைத் திறக்கும்வரை காத்திருக்க அம்மாதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். அம்மா அந்த ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். கை எழும். வாயை மூடிக்கொண்டு வெளியே பார்ப்பாள். காயில் முடிந்து கை இறங்கும்போது, சொல்ல வந்ததைச் சில நாள் சொல்வாள். சில நாள், "ஒண்ணுமில்ல, மறந்துட்டேன்" என்பாள்.

மகள் போனபின் வைண்டிங்காரர் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்கவில்லை. தாள்களை எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

அவர் எதையும் எண்ணாமல் விடுகிறவர் இல்லை. ஆஸ்பத்திரி மாடிப்படி இருபத்திரண்டு. ஊசி போட்ட நாட்கள் நாற்பத்தொன்று. வக்கீல் அன்றைக்கு உரக்கப் படித்தபோதும், அவர் கையில் தாள் திரும்புவதைத் தன்னையறியாமல் எண்ணியிருந்தார். வக்கீலுக்கு நல்ல குரல். கணீரென்று படிப்பார். நான் படித்துக் காட்டாமல் ஒருத்தரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. ஃபேன் காற்று ஆகாமல் மனைவி புடவைத் தலைப்பைக் காதுவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பின்னறை பற்றிப் படித்தபோது தலையசைத்தாள்.

திரும்பிய தாள் ஐந்து.

*

வக்கீலின் அறை மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. சுவர் முழுக்கக் கயிறு கட்டிய பத்திரக் கட்டுகள். சீலிங் ஃபேன் வைண்டிங்காரர் இரண்டு முறை கட்டிக் கொடுத்தது. அவர் உள்ளே நுழைந்ததும் முதலில் மேலே பார்த்துச் சத்தத்தைக் கேட்டார். பேரிங் போயிருந்தது.

"வாங்க வாங்க. பாப்பா, நீயா! டிக்கெட் கேக்க மாட்டியே?" என்றார் வக்கீல்.

"கேப்பேன் சார்" என்றாள் மகள். பத்திரத்தை மேஜையில் வைத்தாள்.

விஷயத்தைக் கேட்டு வக்கீல் முதலில் சிரித்தார். "இருக்கும்மா. நானே எழுதினேன். நானே படிச்சேன். அப்பாவையே கேளு."

"படிச்சீங்க சார்" என்றார் வைண்டிங்காரர். "நான் கேட்டேன். எதைப் பாத்துப் படிச்சீங்க?"

"எதைப் பாத்துன்னா? பத்திரத்தைப் பாத்துத்தான்."

"பத்திரம் ஒன்பது தாள். நீங்க திருப்பினது அஞ்சு."

 வக்கீல் மேஜை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பத்திரத்தை முகத்துக்கு வெகு அருகில் பிடித்து, வரி வரியாகக் கண்ணாடியை நகர்த்தினார். மேலே பேரிங் கரகரத்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமலுக்குக் கேட்டார்கள். மூன்றாவது தாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்பதையும் பார்த்தார்.

"டைப் எழுத்து எனக்குச் சின்னதாத் தெரியும்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "கையால பெரிசா எழுதின டிராஃப்ட்டை வெச்சுப் படிச்சுடுவேன். அதைத்தானே கீழ டைப் அடிக்கக் கொடுக்கறோம், ரெண்டும் ஒண்ணுதானேன்னு. அங்க டைப் அடிக்கிற பையன் பழைய பத்திரம் ஏதாவது ஒண்ணு மேலயே பேரையும் அளவையும் மாத்தி அடிச்சிருப்பான்."

"ஒப்பிட்டுப் பாக்கலியா நீங்க?"

"படிச்சுட்டேனேன்னு நினைச்சேம்மா."

"எத்தனை வருஷமா சார் இப்படிப் படிக்கிறீங்க?"

வக்கீல் பூதக்கண்ணாடியை டிராயரில் வைத்தார். சுவரில் இருந்த கட்டுகளை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை மகளும் பார்த்தாள். அந்தக் கட்டுகளுக்குள் இன்னும் எத்தனை பேருடைய நடையும் கிணறும் காணாமல் போயிருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்துப் பேசியபோது சத்தம் குறைந்திருந்தது.

"நாங்க புகார் கொடுப்போம் சார். வக்கீல் சங்கத்துல கொடுப்போம், கோர்ட்டுக்கும் போவோம். உங்க தப்புன்னு எழுதிக் கொடுங்க. அந்த டிராஃப்ட்டையும் கொடுங்க."

"எழுதிக் கொடுத்தா முப்பத்தெட்டு வருஷ பேர் போச்சும்மா."

"அவருக்கு அறை போச்சு சார்."

வைண்டிங்காரர் எழுந்தார். "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு சார். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாசலில் நின்று மேலே கைகாட்டினார். "ஃபேனை இப்படி ஓட விடாதீங்க. ஒரு நாள் கழண்டு தலையில விழும்."

படியிறங்கும்போது மகள் சீறினாள். "அவர் தலையில விழறதைப் பத்தி உனக்கென்னப்பா கவலை?"

"அவரும் பொய் சொல்லலியே."

"பொய் சொல்லியிருந்தாத் தேவலை. சண்டையாவது போடலாம்."

*

மழை பிடித்துக்கொண்டது. மழை நாட்களில் வார்னிஷ் காயாது. காயில் பொருத்தி முக்கி எடுத்த மோட்டார் ஸ்டேட்டர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நூறு வாட்ஸ் பல்பை எரியவிட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தார். அறை முழுக்க அந்த வாசனை. நடையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. கொத்தனார் இறக்கிய செங்கல் நனைந்து கிடந்தது.

சமையல்காரம்மா தினமும் ஒரு டப்பாவை நடை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சோறு, பருப்பு, ஒரு காய். முதல் இரண்டு நாள் அவர் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே உள்ளே வந்தாள்.

"சண்டைன்னா சண்டையாவே இருக்கட்டும்யா. அதுக்காகப் பருப்பு என்ன பண்ணும்?"

டப்பாவை வாங்கிக்கொண்டார். அவள் போகவில்லை. காயும் மோட்டார்களைப் பார்த்தாள்.

"நானும் சும்மா வாங்கல. பதினேழு வருஷம் அடுத்தவங்க வீட்டுப் பின்பக்கத்துல அடுப்பு மூட்டினேன். புகை வருது, சத்தம் வருதுன்னு ஏழு இடம் மாத்தினாங்க. ஏழாவது இடத்துல அரிசி ஊற வெச்ச அண்டாவை அப்படியே தெருவுல தூக்கி வெச்சாங்க. அன்னிக்குத்தான் சொந்தமா ஒரு சுவராவது வேணும்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வாங்கறதுக்கு முன்னாடி என் வக்கீல்கிட்ட கேட்டேன். பின்னாடி யாரோ ஒருத்தர் கம்பி சுத்திட்டிருக்காரே, யாருன்னு. குடித்தனமா இருக்கும், சொன்னாப் போயிடுவார்னார். அவரும் வந்து பாக்கல. வில்லங்கம் போட்டுப் பாத்தேன், சுத்தமா இருக்குன்னார்."

"சுத்தமாத்தான் இருந்திருக்கும்" என்றார் வைண்டிங்காரர்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டவள் போல முக்காலியை இழுத்தாள். அவர் பதறிக் கையைத் தூக்கினார். எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வெறுமனே தூக்கிய கை. அவள் என்னவென்று புரியாமல் ஜன்னலோரமிருந்த முக்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"உங்க வீட்டம்மா எப்படி இருப்பாங்கய்யா?"

அவர் யோசித்தார். நிறம், உயரம், குரல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். மழை ஓட்டில் இறங்கும் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காத்துட்டிருப்பா" என்றார்.

*

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வக்கீல் வந்தார். குடையை மடக்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, நடையில் நின்ற தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அன்று மகளுக்கு வார விடுமுறை. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இதுதானா?" என்றார் வக்கீல்.

"இதுதான் சார்."

"மூன்றடி நடைன்னு எழுதினேன். இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது."

முதல் முறையாக அவர் அந்த இடத்தைப் பார்த்தார். நாலு எல்லையும் எழுதியவர். வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். பெஞ்சைத் தொட்டார். ஆணியில் தொங்கிய காயில்களைப் பார்த்தார். ஜன்னலுக்கு வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இதுதான் அந்த ஜன்னலா?"

"எந்த ஜன்னல்?"

வக்கீல் தோள்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று புதிது. மகளிடம் நீட்டினார். "நீ கேட்டது. என் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் கவனக்குறைவுன்னே எழுதியிருக்கேன், வேற வார்த்தை தேடல. வக்கீல்களுக்குன்னு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. நான் ஒத்துக்கிட்டா நஷ்டத்துக்கு அது கொடுக்கும். ஆனா அறையை அது கொடுக்காது. இந்தக் காகிதம் என்னைத்தான் கட்டும். வாங்கின அந்தம்மாவைக் கட்டாது. அவங்க மனசு வெக்கணும், இல்லேன்னா வருஷக்கணக்கா வழக்கு நடத்தணும்."

மகள் படித்தாள்.  எழுந்து அவருக்கு நாற்காலியைத் தள்ளினாள்.

மற்றது பழுப்பேறிய ஐந்து நீளத் தாள்கள். ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்து. வக்கீல் நாலாவது தாளைத் திருப்பி வைண்டிங்காரரின் கையில் கொடுத்தார்.

பின்னறையையும் நடையையும் விற்பவர்கள் இருவரும் தங்கள் ஆயுட்காலம் முழுவதும் தடையின்றி அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், வேறு மையில், மேல்நோக்கிச் சாய்ந்து ஒரு வரி. மேற்படி அறையின் வடக்கு ஜன்னலை அடைக்கவோ, வெளிச்சம் மறையும்படி அதன் எதிரில் எதுவும் கட்டவோ கூடாது.

"இதையும் நீங்க படிச்சீங்க" என்றார் வைண்டிங்காரர். "ஞாபகம் இருக்கு. வக்கீல் எவ்வளவு நுணுக்கமா யோசிச்சு எழுதியிருக்கார்னு அன்னிக்கு நினைச்சேன். இத்தனை நாளும் நினைச்சுட்டிருந்தேன்."

"நான் யோசிக்கல. எனக்கு ஜன்னல் இருக்கறதே தெரியாதே." வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்துக்கு முந்தின நாள் உங்க வீட்டம்மா வந்தாங்க. தனியா. மாடிப்படி ஏறின மூச்சு அடங்கவே ரொம்ப நேரமாச்சு. ஜன்னலைச் சேத்துக்குங்கன்னாங்க. அவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, கம்பியில கீறல் தெரியறதில்ல, நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்றேன், எனக்கப்புறம் அவருக்கு அந்த வெளிச்சம்தான்னாங்க."

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக நடைத் தண்ணீரில் விழுந்தது.

"அவர்கிட்டயே சொல்லி எழுதச் சொல்லலாமேம்மான்னு கேட்டேன்." வக்கீல் தயங்கினார். "சொல்லத்தான் நினைச்சேன், அவர் எண்ணிட்டிருந்தார்னாங்க."

வைண்டிங்காரர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி இருந்தார். கீறல் பார்க்கிறவர் மாதிரி மெல்லத் திருப்பினார். மகள் துணி மடிப்பதை விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்து அப்பா அவ்வளவு நேரம் ஒரே வரியைப் பார்த்ததில்லை. கடைசியில் அவர் தாளை மடிக்காமல் பெஞ்சில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு காயிலை வைத்தார்.

"அவ கம்பியை நகத்தால தடவிப் பாப்பா" என்றார் யாரையும் பார்க்காமல். "கீறல் இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்த இடத்துல விரலை வெச்சுட்டே இருப்பா. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும்."

மகள்தான் எழுந்துபோய் சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு வந்தாள். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றபடியே படித்தாள். ஓரத்து வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு வக்கீலைப் பார்த்தாள்.

"கட்டாதுன்னு சொன்னீங்களாமே, என்னை."

"கட்டாதும்மா."

"கோர்ட்டுக்குப் போனா யார் ஜெயிப்பாங்க?"

"சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் நிச்சயம். அதுக்குள்ள நம்ம மூணு பேருக்கும் இன்னும் வயசாயிடும்."

சமையல்காரம்மா ஜன்னலருகே போனாள். வெளியே துவைக்கும் கல்லும் அந்தப் பக்கம் காலியிடமும். அங்கேதான் அவளுடைய கொத்தனார் புகைபோக்கிக்கு அளவெடுத்திருந்தார். சுண்ணாம்புக் கோடு மழையில் பாதி அழிந்திருந்தது.

"எனக்குச் சுவர் வேணும்னுதான் வாங்கினேன்" என்றாள். "அரிசி அண்டாவைத் தெருவுல வெச்சவங்க மாதிரி ஆகறதுக்கு வாங்கல. முன்பக்கம் ஒரு அறையை இடிச்சு அங்க அடுப்பைப் போட்டுக்கறேன். சின்னதா இருக்கும், சமாளிச்சுக்கலாம். ஆனா இடிச்சுக் கட்டற செலவு என் தலையில விழக் கூடாது. தப்புப் பண்ணது நான் இல்ல."

"அது என் பொறுப்பு" என்றார் வக்கீல். "இன்சூரன்ஸ் கொடுத்தாலும் கொடுக்காட்டியும்."

"எழுதித் தாங்க" என்றாள் மகள்.

"எழுதித் தரேம்மா. டைப் அடிச்சதும் நீயே படிச்சுப் பாரு."

 சமையல்காரம்மா போகும்போது வைண்டிங்காரர் முக்காலியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

*

சமையல்காரம்மா எழுதிக் கொடுக்கும் புதுப் பத்திரம் மூன்று வாரத்தில் தயாரானது. பதிவு அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சில் வைண்டிங்காரரும் வக்கீலும் சமையல்காரம்மாவும் உட்கார்ந்தார்கள். சமையல்காரம்மா நடுவில். வைண்டிங்காரருக்கு வலப்பக்கம் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவருடைய பையைக்கூட அவர் அங்கே வைக்கவில்லை. மகள் கவனித்தாள். வந்து அங்கே உட்கார நினைத்து, நின்றுகொண்டாள்.

"நானே படிக்கட்டுமா?" என்று வக்கீல் கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டைப் அடித்த பத்திரத்தை முகத்தருகே பிடித்து, பூதக்கண்ணாடியை வரி வரியாக நகர்த்தி அவர் படித்தார். பழைய கணீர்க் குரல் வரவில்லை. ஒரு சொல்லில் நிற்பார், திரும்பப் போவார், சரிபார்த்துத் தொடர்வார். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பதிவாளரின் உதவியாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "பெரியவரே, உள்ளுக்குள்ள படிச்சுக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். மகள் திரும்பிப் பார்த்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார்.

வைண்டிங்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாள் திரும்பும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மகள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறையும் நடையும் வந்தன. ஆயுட்காலம் வந்தது. "மேற்படி அறையின்" என்று படித்து வக்கீல் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். "மேற்படி அறையின் வடக்கு ஜன்னலை அடைக்கவோ, வெளிச்சம் மறையும்படி…"

கட்டைவிரல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. தாள் திரும்பியது. இன்னொன்றும் திரும்பியது. விரல் நகரவில்லை. அவர் தலை ஒரு முறை அசைந்தது, யாருக்கோ சரி என்று சொல்வது போல.

படித்து முடித்த வக்கீல் பத்திரத்தை அவர் பக்கம் நீட்டினார். "எத்தனை தாள், வைண்டிங்காரரே? எண்ணியிருப்பீங்களே."

வைண்டிங்காரர் கையைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார்.

"விட்டுட்டேன் சார்" என்றார்.

எங்கள் தெருவில் யாரும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. மகள் அவர் பக்கத்தில், காலியாயிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் எண்ணினேன்பா" என்றாள். "ஏழு. பத்திரமும் ஏழுதான். போடு கையெழுத்து."